இலையுதிர் செண்பகம்

இலையெல்லாம் உதிர்ந்து, கிளை வெறுமையாய் நிற்கும் காலத்தில் பூத்து நிறையும் மரங்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. முருக்கும் இலவும் கோங்கும் அவ்வாறு பூப்பன. முருக்கம்பூவைத் தீயோடு ஒப்பிடுவது பண்டைப் புலவர் கண்ட வழக்கு. இலை மறைக்காத பூவுக்கே அந்த ஒப்புமை பொருந்தும். ஆனால் செண்பகம் அவ்வகையினது அன்று. அது பசுமை மாறாத மரம். அதன் பூ இலைக்கக்கத்தில் ஒதுங்கி மலர்வது. கண்ணுக்கு எட்டுமுன் மூக்குக்கு எட்டுவது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களுள் சண்பகமும் ஒன்று என்பதை நம் வட்டத்து அன்பர்கள் அறிவர்.

அந்தச் செண்பகத்திற்கு வடக்கே, பனி பெய்யும் நாடுகளில், இலையுதிர்க்கும் உறவினர் பலர் உண்டு. இலை துளிர்க்கும் முன்பே, கிளைநுனி ஒவ்வொன்றிலும் ஒரு பூவாக, கையளவும் அதனினும் பெரிதுமாகப் பூப்பவை அவை. உலகத்தார் அவற்றை மக்னோலியா என்பர். செண்பகத்தை நெடுங்காலம் மிச்சேலியா என்னும் தனி இனமாக வைத்திருந்த தாவரவியலார், அண்மைப் பத்தாண்டுகளில் மரபணுச் சான்றுகளையும் கண்டபின், அதனையும் மக்னோலியாவுக்குள் சேர்த்துவிட்டனர். நம் கோயில் நந்தவனத்துச் செண்பகம் இன்று அவர்தம் ஏட்டில் மக்னோலியா சம்பக்கா. நீலகிரிச் சோலைகளில் நிற்கும் காட்டுச் செண்பகம் மக்னோலியா நிலகிரிக்கா. ஆகவே இக்கட்டுரை அயலாரின் மரத்தைப் பற்றியது போலத் தோன்றினும், நம் வீட்டுப் பெண்ணைக் கொடுத்த குடும்பத்தின் கதை என்று கொள்வதில் பிழையில்லை.

குடும்பம் மிகப் பழையது. இம்மரபினுடைய மலரின் தொல்லெச்சங்கள் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாறைகளில் கிடைத்துள்ளன. மலர்களுக்கு இன்று பெருந்தொண்டு புரியும் தேனீக்கள் தலையெடுக்கும் முன்பே வண்டினங்களை நம்பி வாழக் கற்ற குடும்பம் இது என்பர். தேன் சுரக்காத பூ. மகரந்தத்தைத் தின்ன வரும் வண்டின் கடிக்கு ஈடுகொடுக்கும் தடித்த, சதைப்பற்றுள்ள இதழ்கள். புல்லி வேறு, அல்லி வேறு என்று பிரித்துக் கூறத்தக்க உறுப்புகளும் பல இனங்களில் இல்லை. எல்லாம் ஒரே தன்மையவாய் அடுக்கியிருக்கும். சூலகம் முதலில் முதிரும். மகரந்தம் பின்னர் உதிரும். ஒரே பூ முதல்நாள் பெண், மறுநாள் ஆண் என்று சொல்லிவிடலாம். இதனைப் பாட்டில் வைக்க விரும்புவோர் வைத்துக்கொள்க.

தோட்டத்தில் இம்மரத்தை முதலில் வளர்த்துப் போற்றியவர் சீனர். யூலான் என்பது அவர் இட்ட பெயர். யூ என்பது பச்சைக்கல். லான் என்பது மணமுள்ள ஆர்க்கிடு மலர். கல்லின் வழவழப்பும் மலரின் மணமும் ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. தாங் மரபினர் ஆட்சியில் (618–907) புத்தப் பள்ளிகளின் முற்றங்களில் வெண்ணிற யூலான் நடப்பட்டு வந்தது. பெய்ஜிங் நகருக்கு மேற்கே தாச்சுயே கோயிலில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வயதுடையது எனப் போற்றப்படும் யூலான் மரத்தைக் காண இளவேனிலில் மக்கள் திரள்வது இன்றும் உண்டு. 1986-இல் ஷாங்காய் நகரம் இதனையே தன் நகரமலராக ஏற்றது. இதழை மாவில் தோய்த்துப் பொரித்து உண்பதும் அந்நாட்டு வழக்கம். பூவைச் சூடும் நாம் வியக்கலாம். வாழைப்பூவையும் முருங்கைப்பூவையும் சமைப்பவர் வியக்க வேண்டியதில்லை.

யூலானுக்கு ஒரு தங்கை உண்டு. ஊதா நிறத்தது, மரமாக ஓங்காமல் புதராக நிற்பது. அதன் மொட்டு மருந்துக்கு உரியது. மலராத மொட்டு, மெல்லிய மயிர் போர்த்து, நுனி கூர்ந்து, எழுதுகோலின் தூரிகை போலவே இருக்கும். அதனால் சீனர் அதனை மரத்தூரிகை என்று பொருள்படும் முபி என்னும் பெயராலும் அழைத்தனர். தூரிகை கொண்டே எழுதிய ஒரு நாட்டில், மரம் தன் கிளைநுனிதோறும் தூரிகை ஏந்தி நிற்பதாகக் கண்டவன் பெயரிடும்போதே கவிதை செய்துவிட்டான். தாங் காலப் பெருங்கவிஞர் வாங் வெய், வாங்சுவான் என்னும் தம் மலைத்தோட்டத்தின் இடங்களைப் பற்றி இருபது குறும்பாக்கள் இயற்றினார். அவ்விடங்களுள் ஒன்று இம்மலரின் பெயர் தாங்கிய பள்ளம். அக்காவையும் தங்கையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் பாரிசுக்கு அருகே அவ்விரண்டும் மீண்டும் வரும்.

மக்னோலியா என்ற பெயர் வந்த வழி வேறு. பிரான்சின் தெற்கே மோன்பெலியே நகரத்தில் வாழ்ந்த பியேர் மக்னோல் (1638–1715) என்னும் தாவர அறிஞர், செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் காணலாம் என்று 1689-இல் எழுதியவர். கத்தோலிக்க நாட்டில் சீர்திருத்தச் சபையினராகப் பிறந்தமையால், புலமை இருந்தும் பதவி கிட்டாமல் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டார். 1685-இல் சமயம் மாறிய பின்னரே கதவு திறந்தது. மேலைத்தீவுகளில் மார்த்தினீக்கில் ஒரு மரத்தைக் கண்ட சார்ல் பிளுமியே என்னும் துறவி, 1703-இல் அதற்கு அவர் பெயரைச் சூட்டினார். லின்னேயஸ் அப்பெயரை ஏற்றுப் பரப்பினார். குடும்பம் என்ற கருத்தைத் தாவரவியலுக்குத் தந்தவரின் பெயர் ஒரு குடும்பத்திற்கே பெயராயிற்று என்பது பொருத்தமே. ஆயினும் இலையுதிர்க்கும் கீழைநாட்டு மரத்திற்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. யூலான் ஐரோப்பாவைச் சேர்ந்தது அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தே.

1780-ஐ ஒட்டி, ஜோசப் பேங்க்ஸ் என்பாரின் முயற்சியால் யூலான் இங்கிலாந்து சென்றது. 1790-இல் ஊதாத் தங்கை போர்ட்லாந்து பிரபுவின் வழியாகச் சப்பானிலிருந்து வந்தது. கண்ணாடி வீட்டிலும் செல்வர் மதிலோரத்திலும் அரிய பொருளாய் அவை காக்கப்பட்டன. இவ்விரண்டையும் எல்லார் வீட்டு முற்றத்திற்கும் கொண்டுவந்தவர் ஒரு போர்வீரர்.

எத்தியேன் சூலாஞ்-போதன் (1774–1846) நெப்போலியன் காலத்தில், அவன் வளர்ப்பு மகன் யூஜீன் போவர்னேயின் கீழ் பணியாற்றியவர். ஐரோப்பாவின் பல நாடுகளைப் படையோடு கண்டவர். பேரரசு வீழ்ந்தபின் பாரிசுக்குத் தெற்கே ஃபுரோமோன் என்னுமிடத்தில் தோட்டம் அமைத்து, ஆய்விலும் கற்பித்தலிலும் எஞ்சிய வாழ்வைச் செலவிட்டார். செர்மானியர் என் தோட்டத்தில் பாசறை இட்டனர், நான் அவர்கள் தோட்டங்களில் பாசறை இட்டேன், இரு திறத்தாரும் வீட்டிலிருந்து கோசு பயிரிட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்ற கருத்துப்பட அவர் எழுதியது தோட்டக்கலை நூல்களில் பெருவழக்காக எடுத்துக்காட்டப்படுகிறது. அது வெறும் நகைச்சுவை அன்று. கலிங்கம் எரிந்ததைப் பாடிய மொழிக்கு உரியவர் நாம். தோற்ற படையின் வீரர் ஒருவர் தோட்டத்திற்குத் திரும்பியதைப் பாடும் பரணி நம்மிடம் இல்லை.

1820-இல் அவர் தோட்டத்தில் வெண்ணிற யூலானின் சூலகத்தில் ஊதாத் தங்கையின் மகரந்தம் சேர்ந்தது. அவ்விதையிலிருந்து எழுந்த கன்று 1826-இல் முதன்முதலாகப் பூத்தது: உள்ளே வெண்மை, வெளியே அடியில் ஊதா, மேலே ஏற ஏற இளஞ்சிவப்பாய்க் கரைவது. தாயிடமிருந்து மர உருவையும் தந்தையிடமிருந்து நிறத்தையும் எடுத்துக்கொண்ட அக்கலப்பு, இரண்டிலும் இல்லாத ஒரு பொறுமையையும் எங்கிருந்தோ பெற்றது. நகரத்துப் புகையையும் களிமண்ணையும் பொறுக்கும். மிக இளமையிலேயே பூக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு முன்றிலில் காணப்படும் இலையுதிர் மக்னோலியாக்களுள் பெரும்பாலானவை இதன் வழிவந்தவை. தாவரவியலார் இதற்கு அவர் பெயரையே வைத்தனர். வென்றவர்களின் பெயர் சதுக்கங்களில் கல்லாய் நிற்க, தோற்றவர் பெயர் ஆண்டுதோறும் பூக்கிறது.

இனி இமயத்திற்கு வருவோம். இம்மரபின் பேரழகும் பெருந்துயரும் அங்கேதான் உள்ளன.

1848 ஏப்ரலில் டார்ஜிலிங் சேர்ந்த ஜோசப் டால்ட்டன் ஹூக்கர், சிஞ்சல் மலைச்சரிவுக் காடுகளில் வெண்பூ மக்னோலியா ஒன்று பனி தூவியது போல் பூத்திருக்கக் கண்டார். அதற்கும் மேலே, 8,000 அடி உயரத்தில், மற்றொன்று நின்றது. கரிய பட்டை, அருகிய கிளை, இலையற்ற உடல். அம்மரத்தை மிகவும் அழகற்றது என்றே 1854-இல் வெளியான தம் இமயப் பயணநூலில் அவர் குறித்தார். அந்த அழகற்ற மரத்தின் கிளைநுனிகளில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பெருங்கிண்ணப் பூக்கள் மலர்ந்து, சதைப்பற்றுள்ள இதழ்கள் நிலமெங்கும் சிதறிக் கிடந்ததையும் அதே வாக்கியத்திலேயே எழுதினார். உண்மை உரைக்கும் துணிவு உள்ள எழுத்து அது. பூவைக் கண்டு மரத்தையும் புகழ்ந்துவிடும் சபலம் நம்மில் பலர்க்கு உண்டு.

அம்மரத்திற்கு அவரும் தாம்சன் என்பாரும் 1855-இல் மக்னோலியா காம்ப்பெல்லீ என்று பெயரிட்டனர். ஆர்ச்சிபால்டு காம்ப்பெல் டார்ஜிலிங்கின் கண்காணிப்பாளர், மருத்துவர், 1841-இல் அங்குத் தம் தோட்டத்தில் தேயிலை விதையை முதலில் ஊன்றியவர். ஹூக்கரும் அவரும் 1849 நவம்பரில் சிக்கிமில் திவானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, காம்ப்பெல் துன்புறுத்தப்பட்டு, டிசம்பர் இறுதியில் விடுவிக்கப்பட்டனர். அதனையே காரணமாகக் காட்டி ஆங்கிலேயர் 1850-இல் சிக்கிமின் அடிவார நிலத்தைத் தமதாக்கிக்கொண்டனர். ஒரு பூவின் பெயருக்குப் பின்னால் ஒரு நாட்டின் இழப்பு நிற்பதை, அப்பூவின் படத்தைச் சுவரில் மாட்டுவோர் அறிவது அரிது.

படம் என்றதும் மற்றொன்று. கேத்கார்ட்டு என்னும் வங்காளத்து நீதிபதி, டார்ஜிலிங்கில் இந்திய ஓவியர் சிலரை அமர்த்தி, அம்மலைச் செடிகளை ஆயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் வரைவித்தார். அவர் 1851-இல் இறந்தார். அவ்வோவியங்களை அடியொற்றி ஃபிட்சு என்பார் கல்லச்சுக்கு வரைந்த தகடுகளோடு 1855-இல் ஹூக்கர் ஒரு பெருநூல் வெளியிட்டார். இம்மரத்தின் பூவும் அதில் உண்டு. முகப்பில் கேத்கார்ட்டு பெயர் உண்டு, ஹூக்கர் பெயர் உண்டு, ஃபிட்சு பெயர் உண்டு. மரத்தடியில் அமர்ந்து முதலில் வரைந்தவர்களின் பெயர் இல்லை. அவர்கள் கோட்டில் விறைப்பு இருந்ததென்றும் ஃபிட்சு அதனைத் திருத்தினார் என்றும் ஒரு குறிப்பு மட்டும் உண்டு.

பெயர் இல்லாமற் போனது ஓவியர்க்கு மட்டுமன்று. டார்ஜிலிங் மலைகளில் நேபாளி பேசும் மக்கள் இம்மரத்தைக் கோகே சாம்ப் என்பர். லால் சாம்ப் என்றும் வழங்குவர். சாம்ப் என்பது வேறொன்றும் அன்று, நம் செண்பகமே. அச்சொல் எம்மொழியில் பிறந்தது என்னும் வழக்கிற்குள் இங்குப் புக வேண்டியதில்லை. பசுமை மாறாத செண்பகத்தையும், ஆறுமாதம் மொட்டையாய் நிற்கும் இம்மரத்தையும் ஒரே பெயருக்குள் வைக்க அம்மலைவாழ் மக்களுக்கு மரபணுச் சோதனை தேவைப்படவில்லை. மரத்தை வெட்டியவர், முகர்ந்தவர், பூவைக் கையில் எடுத்துப் பிரித்தவர் அவர்கள். தாவரவியல் இவ்விரண்டையும் ஒரே இனமாக ஏற்க அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

தேயிலை ஏறிய உயரத்திற்கு மேலேதான் இம்மரம் நிற்பது. ஆயினும் தேயிலையோடு வந்த ஊருக்கும், வீடுகளுக்கும், பெட்டிகளுக்கும் பலகை வேண்டியிருந்தது. டார்ஜிலிங்கைச் சூழ ஒருகாலத்தில் மிகுதியாய் நின்ற மரங்கள் அவ்வாறே குறைந்தன. அங்குக் காட்டில் மிகுந்து காணப்படுவது வெண்பூ வகை என்பதையும், மேனாட்டுத் தோட்டங்களுக்கு முதலில் சென்றது அரிதான சிவப்பு வகை என்பதையும் இங்குச் சொல்லிவிடலாம். 2016-இல் வெளியான செம்பட்டியல் மதிப்பீட்டின்படி உலகில் உள்ள மக்னோலியா இனங்களுள் ஏறக்குறைய பாதி அழிவை எதிர்நோக்கி நிற்கின்றன.

விதை 1860-களில் ஐரோப்பா சென்றது. அயர்லாந்தின் கார்க்கு நகரத்தருகே ஒரு தோட்டத்தில் 1885-இல்தான் அங்கு முதற்பூ மலர்ந்தது. காம்ப்பெல் 1874-இலேயே மறைந்துவிட்டார். அறுபத்தெட்டு வயதை எட்டிய ஹூக்கர் மட்டும் கண்டார். கியூ தோட்டத்தின் பொறுப்பிலிருந்து அவர் ஓய்வுபெற்ற ஆண்டும் அதுவே.

இந்தக் காத்திருப்பே இம்மரத்தை வளர்ப்பவனுக்கு முதற்பாடம். காம்ப்பெல்லீ விதையிலிருந்து எழுந்தால் பூக்க இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் செல்லும். நடும்போது நாற்பது வயதானவன் எழுபதில் காண்பான்; அல்லது அவன் மகன் காண்பான். பனையும் ஆலும் நட்ட மரபினர்க்கு இது விளக்க வேண்டியதன்று.

வளர்ப்பு முறையில் விதிகள் சிலவே. ஒவ்வொன்றுக்கும் மரத்தின் உடலிலேயே காரணம் உண்டு. வேர் சதைப்பற்றுள்ளது, மேலோட்டமாய்ப் பரவுவது, முறிந்தால் எளிதில் ஆறாதது. ஆகவே ஓரிடத்தில் ஊன்றியதைப் பெயர்க்கலாகாது. பெயர்த்தே தீரவேண்டுமானால் வேர் விழித்தெழும் இளவேனிலில் செய்க. குளிர்காலத்து ஈரமண்ணில் புண்பட்ட வேர் அழுகும். ஆழப் புதைக்கக் கூடாது. மரத்தடியைக் கொத்துவதும் கூடாது; களை எடுக்கப்போய் மரத்தைக் கெடுத்தவர் பலர். கொத்துவதற்கு மாறாக மக்கிய இலையை அடிமரத்தைத் தொடாமல் சுற்றிலும் போர்த்திவிட்டால் ஈரம் நிற்கும், களையும் அடங்கும். மண் சற்றே புளிப்புடையதாகவும் நீர் தேங்காததாகவும் இருத்தல் வேண்டும். முதல் சில கோடைகளில் தண்ணீர் தவறக்கூடாது.

இடம் தேர்வதில் ஒரு நுட்பம் உண்டு. பூவுக்குப் பகை பனியன்று. பனிக்குப் பின் விரைந்து வரும் வெயில். இரவில் உறைந்த மொட்டின்மேல் விடியற்காலைக் கதிர் நேரே விழுந்தால் இதழ் ஒரு மணி நேரத்தில் பழுப்பாகும். அதனால் கிழக்கு நோக்கிய இடத்தைத் தவிர்ப்பர் தேர்ந்த தோட்டக்காரர். மேற்கில் சாய்ந்த, காற்று மறைவான இடத்தில் உறைந்த மொட்டு மெல்ல இளகும்; பூ பிழைக்கும்.

கத்தி எடுப்பவன் கோடையின் நடுவில் எடுக்க வேண்டும். குளிர்காலத்து இறுதியில் வெட்டினால் புண்ணிலிருந்து நீர் வடியும். இலை நிறைந்த காலத்துப் புண்ணே விரைவில் மூடும். ஆனால் மறு ஆண்டுப் பூவுக்கான மொட்டைக் கோடை முடிவதற்குள்ளேயே மரம் உருவாக்கிவிடுகிறது. காலம் தாழ்த்தி வெட்டினால் பூவையும் சேர்த்து வெட்டுவோம். வெட்டாமலே விடுவது எல்லாவற்றிலும் நன்று.

விதை செந்நிறச் சதை போர்த்தது. சதையில் எண்ணெய் உண்டு. அதனைக் கழுவி நீக்கி, உலரவிடாமல், ஈரமணலில் மூன்று நான்கு மாதம் குளிரில் வைத்த பின்னரே ஊன்ற வேண்டும். உலர்ந்த விதை முளைக்காது. 1982-இல் சப்பானின் யமகுச்சி வட்டாரத்தில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான சேமிப்புக் குழியில் கிடைத்த ஒரு விதை முளைத்து, 1993-இல் எட்டு இதழோடு பூத்தது என்பர். கோபுசி என்னும் அவ்வினத்திற்கு ஆறிதழே இயல்பு. குழியின் வயதை வைத்தே விதையின் வயதைக் கூறினர். விதை பின்னர் உள்ளே புகுந்திருக்கலாம் என்னும் ஐயத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. கதை அழகியது, அழகு சான்றாகாது.

நம் சமவெளியில் இவ்விலையுதிர் இனங்கள் வாழமாட்டா. மொட்டு உறக்கம் கலைவதற்கு முன் ஒரு நெடுங்குளிர் வேண்டும். அதனைச் சென்னையோ மதுரையோ தர இயலாது. ஆசையால் வாங்கிவந்து வைப்போர்க்குச் செண்பகக் கன்றே போதும் என்பது என் கருத்து. அதுவும் அதே குடும்பம். வேரைக் கிளறாதே என்னும் விதி அதற்கும் உரியது.

காத்திருப்பைக் குறைக்க வழி தேடாமலும் இல்லை. பூத்த மரத்தின் மொட்டை இளங்கன்றில் ஒட்டினால் காலம் பாதியாகும். ஜார்ஜ் ஃபாரஸ்ட் யுன்னானிலிருந்து அனுப்பிய விதையால், காம்ப்பெல்லீயின் கிழக்கத்திய வகை ஒன்று கிடைத்தது. நிறத்தில் சற்றுக் குறைந்தாலும் அது மிக முன்னதாகவே பூப்பது. இமயத்து நிறத்தையும் யுன்னானின் விரைவையும் ஒன்றாக்கும் எண்ணத்தோடு, கியூ தோட்டத்தில் பணியாற்றிய சார்லசு ராஃபில் 1946-இல் இரண்டையும் கலந்தார். நூற்றுக்கு மேற்பட்ட கன்றுகள் எழுந்தன. அவர் அவற்றைப் பல தோட்டங்களுக்குப் பகிர்ந்தளித்தார். 1951-இல் அவர் இறந்தபோது ஒன்றும் பூத்திருக்கவில்லை. பின்னர்ப் பூத்தவற்றுள் ஒன்றுக்கு அவர் பெயரை இட்டனர்.